முதல் ஷாஃப்டின் பிள்ளையார் சுழி

ஜெர்மனியைச் சுற்றிப் பார்த்தவன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவன் நான்தான். உண்மையில் நான் அங்கே பார்த்தது ஒரு ரயில் நிலையம், ஒரு விடுதி, ஒரு பழைய தொழிற்சாலை, ஒரு சமையலறை. மொத்தம் எட்டு நாள். மற்றதெல்லாம் ஊருக்குத் திரும்பியபின் கொஞ்சம் கொஞ்சமாக நான் சேர்த்துக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் பீன்யாவில் தண்ணீர் பம்ப்புகளைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் நான் இன்ஸ்பெக்டர். என் கல்யாணப் பேச்சின்போது மாமனாரிடம் 'பையன் இன்ஸ்பெக்டர்' என்று மட்டும் சொன்னார்கள். எதற்கு இன்ஸ்பெக்டர் என்று அவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்திலும் யாரும் வலிய விளக்கவில்லை. வேலை இதுதான்: செய்து முடித்த ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட், இல்லாவிட்டால் சிவப்பு. பத்து வருஷம் இதையே செய்ததில் எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. இரும்பை மட்டும் அல்ல, ஆளையும் பார்த்த மாத்திரத்தில் பச்சையா சிவப்பா என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பம்ப் கம்பெனிக்காரர்கள் ஒரு கெடு வைத்தார்கள். கடைசி மெருகு வேலையான கிரைண்டிங்கை நாங்கள் வெளியே கொடுத்துச் செய்து வாங்கிக்கொண்டிருந்தோம். 'இனிமேல் உங்கள் கூரைக்குக் கீழேயே அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே வாடிக்கை அவர்கள்தான். பட்டறையில் முப்பத்திரண்டு பேர். புது கிரைண்டிங் மெஷின் வாங்குவது எங்கள் கனவில்கூட வராது. அப்போதுதான் முதலாளி காதில் ஒரு சேதி விழுந்தது. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு கிழக்குப் பக்கத்துத் தொழிற்சாலைகள் வரிசையாக மூடுகின்றனவாம். நல்ல மெஷின்களைப் பழைய விலைக்கு விற்கிறார்களாம். ஃபேக்ஸ் பறந்தது. எங்கள் ஷாஃப்டின் வரைபடமும் அதில் போனது. ஒரு மெஷின் பேசி முடிந்தது. விற்பவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எங்கள் ஆள் நேரில் வந்து, எங்கள் ஷாஃப்டையே அதில் ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் வாயைத் திறக்கக் கூடாது.

முதலாளி காக்ஸ் டவுன்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், விமானம் என்றால் மட்டும் விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும். ஆகவே என்னை அனுப்பினார். தன் கோட்டையும் கொடுத்தார்.

"இது என் கல்யாணக் கோட்டுப்பா. இருபத்தெட்டு வருஷமா ஒரு கறை கிடையாது. போன மாதிரியே வரணும், கோட்டும் சரி, நீயும் சரி."

"சரிங்க சார்."

"பாத்து கையெழுத்துப் போடு. நீ போட்டா கப்பல்ல ஏறிடும். அப்புறம் அது நம்ம தலையெழுத்து. முப்பத்திரண்டு குடும்பம்ப்பா, மறந்துராதே."

கோட்டின் கை என் விரல் நுனிகளையும் தாண்டித் தொங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். கோட்டு நின்றுகொண்டிருந்தது, உள்ளே யாரோ ஒளிந்திருந்தார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பன்னிரண்டு ஷாஃப்ட்களைக் கடைந்து கொடுத்தவன் எங்கள் டர்னர். ஸ்ரீராம்புரத்தில் என் சந்துக்கு அடுத்த சந்து, பேச்சில் பாதி கன்னடம். அவன் கொடுத்த ஷாஃப்ட்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதல் ஷாஃப்டின் முனையில், நெற்றியில் வைத்தது மாதிரி, எலெக்ட்ரிக் பேனாவால் சின்னதாக ஓர் 'உ' கீறியிருந்ததைப் பார்த்தேன்.

"இது என்ன?"

"பிள்ளையார் சுழி குரு. மொத பீஸாச்சே."

"டிராயிங்ல இருக்கா இது?"

"டிராயிங்கு போடறதுக்கே முன்னாடி போடறது அது. டிராயிங்குல தேடறியே!"

"ஜெர்மன்காரன் கேட்டா நான் என்ன சொல்றது? என் மானம் போகும்யா."

"உனக்கு இருக்கறதே ஸ்வல்ப மானம், அதையும் எடுத்துக்கினு அங்க போறியா? கேட்டா மாடல் நம்பர்னு சொல்லு. போ குரு, சும்னே தலை தின்னாத."

தர விதிகளின்படி அந்த ஷாஃப்டுக்குச் சிவப்பு அடித்திருக்க வேண்டும். வேறு பீஸ் கடைய நேரமில்லாததால் மட்டும் விட்டேன். இதை இங்கே எழுதிவைப்பது அவசியம், ஏனென்றால் பின்னால் எல்லாரிடமும் அந்தச் சுழியை நானே போடச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மெஷின் இருந்த ஜெர்மன் ஊரில் ரயிலை விட்டு இறங்கியதும் டாக்சிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். விடுதியின் பெயர் எழுதிய சீட்டைக் காட்டினேன். ஏற்றிக்கொண்டு ஒரு பாலம், இரண்டு தேவாலயம், ஒரு பூங்கா, மறுபடி அதே பாலம் என்று காட்டிவிட்டு இறக்கினார். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் ரயில் நிலையம். நான் இறங்கிய அதே வாசல். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: விடுதியில் லிஃப்ட் கிடையாது. பன்னிரண்டு ஷாஃப்டும் இருந்த இரும்பாய்க் கனத்த பெட்டியை நான் முதல் படியில் வைத்து மூச்சு வாங்கியபோது, அந்த மனிதரே வண்டியை நிறுத்திவிட்டு வந்து தோளில் ஏற்றி மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். கூலி நீட்டினேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போனார். அவருக்கு எந்தப் பெயின்ட் அடிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்கலாம்.

தொழிற்சாலை பெரியது. அறுநூறு பேர் வேலை செய்த இடமாம். அப்போது மிச்சம் இருந்தது பதினொரு பேர். கூடத்தில் மெஷின்களைப் பெயர்த்தெடுத்த இடங்களில் சதுரம் சதுரமாக வெளுப்புத் தரை. மேனேஜர் இளவயதுக்காரர். நல்ல இங்கிலீஷ், பளபளக்கும் ஷூ, அடிக்கடி கடிகாரம் பார்ப்பார். பார்த்ததும் மனசுக்குள் சிவப்பு அடித்தேன். மெஷினை ஓட்டுவதற்கு ஒரு ஃபிட்டரை அனுப்பினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஆறடிக்கு மேல் உயரம், நீல வேலை உடுப்பு, ஒரு பக்கம் கம்பி கட்டிய மூக்குக் கண்ணாடி. கை கொடுத்தார். என் கையில் காய்ப்பு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இருந்தது. சிரித்தார். பச்சை, சந்தேகமே இல்லாத பச்சை.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு ஜெர்மன் தெரியாது. இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரியாத பாஷையில் சிரமப்படுவதைவிட அவரவர் பாஷையில் பேசிக்கொள்வது மேல் என்று முதல் நாளே எனக்குத் தோன்றிவிட்டது. நான் தமிழில் பேசினேன். அவர் ஜெர்மனில் பதில் சொன்னார். வீட்டில் என் மனைவியோடு பேசுவதைவிடக் குழப்பம் குறைவாக இருந்தது.

என் சாப்பாட்டு விஷயத்தை முதலில் கவனித்தவர் அவர்தான். எந்த மாமிசம் எதில் இருக்குமோ என்ற பயத்தில் விடுதியில் 'நான் சைவம்' என்று சொல்லி வைத்திருந்தேன். ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்றேகால் கிலோ மட்டன் வாங்குகிறவன் நான். அந்தப் பொய்க்குத் தண்டனையாக இரண்டு நாளாக ரொட்டியும் ஜாமும்தான். மூன்றாம் நாள் ஓட்டம் தொடங்கும்போது நான் ஒரு காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் முகத்தைச் சுளித்தார். வயிற்றைத் தடவி, தன்னைக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே ஒரு வீட்டுக் கூரையைக் காட்டினார்.

"சாப்பாடுன்னா சரிதான் சார். முதல்ல வேலைய முடிச்சிருவோம்," என்றேன் தமிழில்.

"யா, யா," என்றார்.

பன்னிரண்டு ஷாஃப்டையும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் ஓட்டினார். பொறி பறந்தது, சுற்றிலும் பால் நிறத் தண்ணீர் தெறித்தது. மெஷினிலிருந்து எடுத்த பீஸ் சூடாக இருக்கும். சூட்டில் இரும்பு கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது அளந்தால் கணக்குத் தப்பும். கழுவி ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளப்பதுதான் முறை. பீன்யாவிலும் அதுதான். ஒரு தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடி, கடிகாரத்தைக் காட்டினார். பிறகு என்னைத் தன் மனைவியிடம் அழைத்துப்போய் விட்டு, ஏதோ மறந்துவிட்டதாக நெற்றியில் தட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், கால் மணியில் திரும்பி வந்தார்.

அந்த அம்மாள் சமைத்திருந்தது உருளைக்கிழங்கு, எங்கள் ஊர்க் கெட்டித் தயிரைப் போன்ற ஏதோ ஒன்று, அப்புறம் காடியில் ஊறிய பச்சை மிளகாய். அந்த மிளகாயைக் கடித்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தினால் என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன். அந்த அம்மாள் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர்க் குளிருக்கு வாங்கிய நைலான் சாக்ஸ் அது, பெருவிரல் வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் கைப் பின்னல். அந்த அம்மாளும் அதே தொழிற்சாலையில்தான் இருபது வருஷம் வேலை செய்திருக்கிறார், பத்து விரலையும் இரண்டு முறை விரித்துக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் இரண்டு பேரும் வேலை உடுப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து அளந்தேன். முதல் பீஸ் அற்புதம். இரண்டாவது அற்புதம். தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் ஒரு இழை எவ்வளவு இருக்குமோ, அந்த அளவுக்குமேல் ஒரு பீஸ்கூட விலகவில்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! என் சர்வீஸில் அப்படிப் பார்த்ததில்லை. ஃபிட்டரின் தோளைத் தட்டினேன், அதாவது தோளுக்கு எட்டாததால் முழங்கையை. "அண்ணே, நீங்க தெய்வம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடக்கமான மனிதர் என்று நினைத்தேன்.

முதலாளிக்குக் காட்ட முதல் பீஸை மட்டும் தனியாகத் துணியில் சுற்றலாம் என்று சுழி போட்ட ஷாஃப்டைத் தேடினேன். இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபத்து நான்கு முனைகள், ஒன்றிலும் 'உ' இல்லை. கழுவியதில் போயிருக்குமோ என்று ஒரு நிமிஷம் எனக்கே நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இரும்பில் கீறிய கீறல் எப்படிக் கழுவினால் போகும்? இவை எங்கள் ஷாஃப்ட்களே அல்ல. நாங்கள் அனுப்பிய வரைபடத்தை வைத்து, வேறு ஒரு நல்ல மெஷினில் முன்கூட்டியே செய்து வைத்த பன்னிரண்டு. நான் மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தட்டு மாறியிருக்கிறது.

இன்னும் அரை மணியில் மேனேஜர் தாளோடு வருவார். நான் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பேன். எங்கள் டர்னரின் கைச்சேட்டை, நான் சிவப்பு அடிக்க நினைத்த அந்தக் கீறல் மட்டும் இல்லாவிட்டால், ஊனமான மெஷினுக்குப் பூஜை போட்டு வரவேற்றிருப்போம். முப்பத்திரண்டு பேரும் வாசலில் கை கட்டி நின்றிருப்போம்.

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எந்தப் பாஷையில் படுவது? மேஜைமேல் கிடந்த சாக்பீஸை எடுத்து, கறுத்த மேஜைப் பலகையில் பெரியதாக ஓர் 'உ' போட்டேன். முதல் ஷாஃப்டின் முனையைக் காட்டினேன். சுழியைக் காட்டினேன். இரண்டு கையையும் விரித்தேன்.

அவர் அந்தச் சுழியை ரொம்ப நேரம் பார்த்தார். முகம் காது வரைக்கும் சிவந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு எழுந்து தன் பணிமேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். பன்னிரண்டு ஷாஃப்ட். மேலே இருந்ததன் நெற்றியில் எங்கள் பிள்ளையார்.

"ஏன் சார்? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றேன். "ஒரு வாய் சோறு போட்டுட்டு இப்படிப் பண்ணலாமா?"

சத்தியமாக அவருக்குப் புரிந்தது. சுவரில் இருந்த காலண்டருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். நவம்பரைக் காட்டினார். மெஷினைக் காட்டி, கப்பல் போவதுபோல் கையை அசைத்தார். பிறகு டிசம்பர், ஜனவரி என்று தாள்களைப் புரட்டி மார்ச் முப்பத்தொன்றில் விரலை அழுத்தித் தன் நெஞ்சைத் தொட்டார். மறுபடி நவம்பருக்கு வந்தார். மெஷினைக் காட்டித் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கையைக் கத்திபோல் வைத்து அந்த நாளிலேயே வெட்டினார். இந்த மெஷின் விற்றால் மார்ச் வரைக்கும் அவருக்கு வேலை, விற்காவிட்டால் இந்த வாரமே கதவு சாத்தல். எனக்கு அப்படித்தான் புரிந்தது. மார்ச்சில் என்ன என்று தெரியவில்லை. ஆனால் எங்களுக்குக் கெடு வைத்த மாதிரி அவருக்கும் யாரோ கெடு வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

நான் அவருடைய பீஸ்களை ஒதுக்கிவிட்டு எங்கள் பீஸ்களை அளந்தேன். எல்லாம் ஒரு முனை தடிப்பு, மறு முனை ஒல்லி, பென்சில் சீவிய மாதிரி. மெஷினைச் சுட்டிக்காட்டி, 'எங்கே வியாதி' என்று கேட்பதுபோல் கையை அசைத்தேன். அவர் தயங்காமல் ஷாஃப்டின் மறு முனையைப் பிடித்துக்கொள்ளும் டெயில்ஸ்டாக்கைக் காட்டினார். அதன் அடிப்பாகம் தேய்ந்து சரிந்திருந்தது. அவருக்கு முன்பே தெரியும். மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள் கொடுத்தால் சுரண்டிச் சரிசெய்துவிடுவேன் என்று. பிறகு மேனேஜர் அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, கடிகாரம் பார்ப்பதுபோல் நடித்து, உதட்டைப் பிதுக்கினார். அந்த மூன்று நாளைத்தான் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

இனி என்னுடைய யோக்கியதை.

மேனேஜர் தாளோடு வந்தார். அளவு எப்படி என்று கேட்டார். நான் முதலாளியின் கோட்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தை ஒரு குருக்களைப்போல் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அளவில் குறையில்லை. ஆனால் எங்கள் பஞ்சாங்கப்படி இன்று அஷ்டமி. நாளை நவமி. அதற்கு மறுநாள் கரிநாள். இந்த மூன்று நாளும் இரும்புச் சாமானில் கையெழுத்துப் போட்டால் தொழில் விளங்காது."

அவர் நம்பாமல் பார்த்தார். மேஜைப் பலகையில் இருந்த சாக்பீஸ் சுழியைக் காட்டினேன். ஷாஃப்டின் நெற்றியிலும் காட்டினேன். "இது எங்கள் கடவுளின் அடையாளம். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். இந்த மூன்று நாளும் உங்கள் ஃபிட்டர் என்னோடு மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதுவும் சாஸ்திரம்."

அந்த மனிதர் பாக்கெட்டிலிருந்து டைரியை எடுத்து, 'அஷ்டமி'க்கு எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் மனசுக்குள் அவருக்கு அடித்திருந்த சிவப்பு கொஞ்சம் வெளிறியது. விடுதிக்கு மூன்று நாள் தானே பேசிவிடுவதாகவும் சொன்னார். ஊருக்குத் திரும்பியதும் என் மனைவி தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். அந்த மூன்று நாளில் அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை, கரிநாளும் இல்லை. நடு நாள் கல்யாண முகூர்த்தம்.

முதலாளியிடம் இந்தச் சரக்கு செல்லாது என்பது ஃபோனை எடுத்த பிறகுதான் உறைத்தது.

"சார், இங்க அஷ்டமி…"

"என்னது? ஏம்ப்பா, என்கிட்டப் போய் அஷ்டமிங்கறியே, நான் சர்ச்சுக்குப் போறவன்ப்பா! குடிச்சிருக்கியா?"

"இல்ல சார், இங்க பயங்கரக் குளிரு. மெஷின் இன்னும் சூடாகலை. மூணு நாள் ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன்."

"அப்படிச் சொல்லு. கோட்டு எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு சார்."

அப்போது அது உண்மை. மறுநாளிலிருந்து இல்லை. மேடு எங்கே பள்ளம் எங்கே என்று பார்க்க நீல நிறப் பசை ஒன்றைத் தடவி, இரண்டு பாகத்தையும் உரசிப் பார்ப்பார்கள். நீலம் ஒட்டிய மேட்டைக் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி தடவி, மறுபடி உரசி, மறுபடி சுரண்டல். அவர் சுரண்டினார், நான் தடவினேன். குளிர் தாங்காமல் கோட்டோடுதான் நின்றேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டு கையும் முழங்கை வரை நீலம். கிருஷ்ண ஜெயந்திக்கு வேஷம் கட்டினது மாதிரி இருந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது முணுமுணுத்தேன். பெரும்பாலும் வாய்ப்பாடு.

மூன்று நாளும் மதியம் அந்த வீட்டில்தான் சாப்பாடு. முதல் நாள் அந்த அம்மாள் தட்டை வைத்தபோது நான் அதில் கை வைக்கவில்லை. இது விருந்தா, அன்றைக்குப் போல என்னை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கிற ஏற்பாடா? அன்றைய உருளைக்கிழங்கும் அதற்குத்தானா? ஃபிட்டர் என் தட்டைப் பார்க்கவில்லை, தன் தட்டையும் பார்க்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் நான் சாக்ஸ் போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சாப்பிட்டேன். பசி வேறு, கணக்கு வேறு.

மூன்றாம் நாள் எங்கள் பன்னிரண்டையும் அரை மில்லிமீட்டர் சின்னதாக வைத்து மறுபடி ஓட்டினோம். அளவு எதுவானாலும் எல்லாம் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் சோதனை. இந்தத் தடவை ஆறுகிற ஒரு மணி நேரமும் தட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவரும் இன்னொரு முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையிரண்டையும் நான் பார்க்கிற மாதிரி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

பன்னிரண்டில் பதினொன்று சரி. ஒன்று நூலிழை தப்பு. தாளில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த எட்டு நாளில் நான் எழுத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அந்த ஒரு உண்மைக்குத்தான் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பன்னெண்டுன்னு எழுதியிருந்தா உன் சொத்து போயிடுமாப்பா? பம்ப் கம்பெனிக்காரன் இந்தத் தாளைக் கேப்பான்ல?"

கோட்டைப் பற்றி அவர் கேட்டபோது, ஜெர்மனியில் மழை நீலமாகப் பெய்கிறது என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவருடைய மனைவி கோட்டைச் சலவைக்குப் போட்டார். நீலம் போகவில்லை, கொஞ்சம் பரவியது.

ஜனவரியில் மெஷின் வந்தது. சர்ச்சுக்குப் போகிற முதலாளி முன்னிலையில் டர்னர் பூசணிக்காய் உடைத்தான். ஓட்டினோம், கெடுவுக்கு முன்னாலேயே பீஸ் போனது. முப்பத்திரண்டு பேரும் அப்படியே இருந்தோம். நடந்த கதையை அப்போது டர்னரிடம் மட்டும் சொன்னேன். அவன் பீடியைப் பற்றவைக்காமல் கேட்டான்.

"ஃப்ராடு பண்ணிட்டான்னு சொல்றியே, நீ பண்ணது இன்னா? அஷ்டமி நவமின்னு அந்தப் புள்ளையாண்டான் காதுல பூ சுத்திட்டு வந்துகிற."

"அது வேற, இது வேறய்யா."

"எப்பிடி வேற? நீ பண்ணா சாஸ்திரம், அவன் பண்ணா ஃப்ராடா?" என்றவன், பீடியைப் பற்றவைத்து, "அது கெடக்கட்டும் குரு. அந்த ஆளுக்கு மார்ச்சு வரைக்கும் வேலை இருந்துச்சா?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு அளந்தவன் அதை மட்டும் அளக்காமல் வந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த மெஷினைத் துடைக்கும்போதெல்லாம் அவன் அதைக் கேட்பான். நான் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்குவேன்.

ஏப்ரல் கடைசியில் பட்டறை விலாசத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. ஒரு பக்கம் நான் இரண்டு முறை சுற்றிய அதே பாலம். மறு பக்கம் நெருக்கி நெருக்கி ஜெர்மன் எழுத்து. உச்சியில், நடுவில், '2' என்று போட்டு அதற்கு நீளமாக ஒரு வால் இழுத்திருந்தது. காக்ஸ் டவுனில் ஜெர்மன் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா ஒருவரிடம் முதலாளியே என்னை அனுப்பினார்.

"இது ரெண்டாவது கார்டுன்னு போட்டிருக்கே. முதல் கார்டு எங்கேப்பா?" என்றார் டீச்சரம்மா.

"முதல் கார்டே இதுதாங்க டீச்சர். அது எங்க பிள்ளையார். அவருக்கு எழுத வந்த மட்டும் எழுதியிருக்காரு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துச் சொன்னார். மார்ச் முப்பத்தொன்று வரை வேலை செய்தேன், ஓய்வூதியம் முழுசாகக் கிடைத்துவிட்டது. இப்போது தோட்டத்தில் மிளகாய் போட்டிருக்கிறேன். மெஷின் சரியாக ஓடுகிறதா? அந்தப் பன்னிரண்டாவது பீஸ் தப்பானது என் கை நடுக்கத்தால், மெஷினைக் குற்றம் சொல்லாதே. கடைசியாக ஒரு வரி: 'என் மனைவிக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு அவள் உனக்காகத்தான் சமைத்தாள்.'

"என்னப்பா, என்ன விஷயம் இது? ஏன் இப்படி எழுதியிருக்கார்?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"சும்மா, ஒரு சாப்பாட்டு விஷயம் டீச்சர்," என்றேன்.

பட்டறைக்குத் திரும்பி டர்னரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் அன்றைய லாட்டில் முதல் ஷாஃப்டை எடுத்து, முனையில் எலெக்ட்ரிக் பேனாவால் நிதானமாக ஓர் 'உ' கீறி, என் மேஜையில் வைத்தான்.

"அனுப்பு குரு. வால எப்பிடி சுழிக்கணும்னு பாத்துக்கட்டும்."

அளந்து பார்த்தேன். ஒரு மயிரிழை விலகல் இல்லை, பச்சைக்கும் மேலே ஒரு பச்சை இருந்தால் அதை அடிக்கலாம். ஆனால் நல்ல பீஸ் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். ரிஜெக்ட் புத்தகத்தைத் திறந்தேன். 'ஒரு ஷாஃப்ட், அளவு தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிவப்புப் பெயின்ட் டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மூடி வைத்துவிட்டு, அந்தக் கம்பளி சாக்ஸில் ஒன்றுக்குள் ஷாஃப்டைச் செருகி, தபாலுக்குக் கட்ட ஆரம்பித்தேன். பெங்களூர் ஏப்ரலுக்கு அந்த சாக்ஸ் எப்படியும் ஆகாது.